நாலு கத்தி

அலெக்சாண்டர் டூமா என்ற பெயரைக் கேள்விப்படுவதற்கு வெகுகாலம் முன்பே அவருடைய கதைகளில் சிலவற்றை நான் பார்த்து முடித்திருந்தேன். பார்த்தது பீளமேட்டுப் பக்கத்து டெண்ட் கொட்டகையில், தரை டிக்கெட் மணலில் உட்கார்ந்து. இரட்டைப் பிள்ளைகளில் ஒருவன் அரண்மனையில் வளர்வான், மற்றவன் வெளியே எளியவர்களிடம் வளர்வான். அரண்மனைக்காரன் தன் கூடப்பிறந்தவனைப் பிடித்து, முகத்தில் இரும்பு முகமூடியை மாட்டிச் சிறையில் தள்ளுவான். ‘உத்தம புத்திரன்’. சிவாஜிக்கு ரெட்டை வேஷம். முகமூடி மாட்டும் இடத்தில் பெண்கள் பக்கத்திலிருந்து “நாசமாப் போக” என்று யாராவது சபிப்பார்கள். சபிக்கப்படுவது பிரான்சின் பதினான்காம் லூயி என்று அந்த அம்மாளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கதை நடந்தது சத்தியமங்கலம் தாண்டி ஏதோ ஒரு ராஜ்யத்தில் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்னொரு டூமா கதையும் எனக்குக் கொட்டகையில்தான் அறிமுகம். ஒட்டிப் பிறந்து வைத்தியரால் பிரிக்கப்பட்ட இரட்டையர். இங்கே ஒருவனை அடித்தால் அங்கே மற்றவனுக்கு வலிக்கும். டூமா 1844இல் எழுதிய ‘கார்சிகன் பிரதர்ஸ்’ அது. ஜெமினி ஸ்டுடியோ 1949இல் எம்.கே.ராதாவை வைத்து ‘அபூர்வ சகோதரர்கள்’ என்று எடுத்தது. 1971 தீபாவளிக்கு அதே கதை எம்.ஜி.ஆரின் ‘நீரும் நெருப்பும்’ ஆக வந்தது. அப்போது நான் நாலாவதோ ஐந்தாவதோ படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் மில் லைன் வீடுகளில் நிஜமாகவே ஒரு இரட்டையர் இருந்தார்கள். படம் பார்த்த மறுநாள் அவர்களில் பெரியவனைக் கிள்ளிவிட்டு, தெருக்கோடியில் நின்ற சின்னவனுக்கு வலிக்கிறதா என்று பார்க்க ஓர் ஆளை அனுப்பினோம். முதல் நாள் அவன் விழித்தான். அடுத்த நாள் அவனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. முறுக்கு வாங்கித் தந்தால் வலிக்கும் என்றான்.

அப்பா மில்லில் ஸ்பின்னிங் பகுதியில் வேலை. அரை நைட்டு, முழு நைட்டு என்று ஷிப்ட் மாறிக்கொண்டே இருந்ததால், எங்களைப் படத்துக்குக் கூட்டிப்போனது பெரும்பாலும் அம்மாவைப் பெற்ற அப்புச்சிதான். அவருக்குப் படம் பார்ப்பது பொழுதுபோக்கு அல்ல, ஒருவகைக் கணக்குத் தணிக்கை. சிங்காநல்லூர் சென்ட்ரல் ஸ்டுடியோவில் செட்டுக்கு மரவேலை செய்த ஆசாரி அவர். பிறகு புலியகுளம் பட்சிராஜாவிலும் கொஞ்ச காலம். திரையில் வீரன் மாடிப்படியில் பின்னோக்கியே ஏறிக்கொண்டு கத்தி சுழற்றும்போது, கொட்டகை முழுக்க வீரனைப் பார்க்கும். அப்புச்சி படியைப் பார்ப்பார். “படி ஆடுது பாரு. அடியில முட்டுக் குடுக்காம உட்டுட்டானுக” என்பார்.

கோயமுத்தூர் ஒருகாலத்தில் படம் எடுக்கிற ஊராக இருந்தது என்பதை இன்று அவிநாசி ரோட்டில் போகிறவர்களிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். பீளமேட்டிலிருந்து ஒரு பக்கம் சிங்காநல்லூர், இன்னொரு பக்கம் புலியகுளம். இரண்டும் சைக்கிள் மிதிக்கிற தூரம். சிங்காநல்லூரில் ஜூபிடர் பிக்சர்ஸ் எடுத்த படங்கள்தான் ‘ராஜகுமாரி’ (1947), ‘வேலைக்காரி’ (1949), ‘மர்மயோகி’ (1951). புலியகுளத்தில் ஸ்ரீராமுலு நாயுடு எடுத்தது ‘மலைக்கள்ளன்’ (1954). பகலில் பெரிய மனிதன், இரவில் முகமூடிக் கள்வன், ஏழைகளுக்கு வாரிக் கொடுக்கிறவன். நாமக்கல் கவிஞரின் கதை, கருணாநிதியின் வசனம், எம்.ஜி.ஆர். நாயகன். அந்த ஒரு கதையைத் தெலுங்கு, மலையாளம், கன்னடம், இந்தி, சிங்களம் என்று எல்லா மொழியிலும் எடுத்துவிட்டார்கள். இந்தியில் ‘ஆசாத்’. திலீப்குமாரும் மீனாகுமாரியும் கோவைக்கு வந்து நடித்துவிட்டுப் போனார்கள்.

வாள்வீச்சுப் படத்துக்கும் கொங்கு நாட்டுக்கும் இருந்த உறவு அதோடு முடியவில்லை. முதல் ‘உத்தம புத்திரன்’ 1940இல் வந்தது, சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் தயாரிப்பு. எடுத்தவர் திருச்செங்கோட்டு டி.ஆர்.சுந்தரம், இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்துக்குப் போய் நெசவுத் தொழில் படித்துவிட்டு வந்து, ஸ்டுடியோ கட்டிப் படம் எடுத்தவர். ஹாலிவுட்டில் ஜேம்ஸ் வேல் இரும்பு முகமூடிக் கதையை எடுத்தது 1939இல். மறு வருடமே சேலத்தில் பி.யு.சின்னப்பா இரண்டு வேஷத்தில் கத்தியோடு நின்றார். தமிழ்ப் படத்தில் ஒரு நடிகர் இரண்டு வேஷம் போட்டது அதுதான் முதல் தடவை. சின்னப்பா சிலம்பமும் குஸ்தியும் முறையாகப் பழகியவர் என்பதால் அந்தக் கை பொய் சொல்லாது. அதே மாடர்ன் தியேட்டர்ஸ் 1951இல் எடுத்த ‘சர்வாதிகாரி’க்கு மூலம் ‘தி கேலன்ட் பிளேட்’ என்ற 1948ஆம் வருட ஹாலிவுட் படம். 17ஆம் நூற்றாண்டுப் பிரான்சில் நடக்கிற வாள்வீச்சுக் கதை. எம்.ஜி.ஆர். நாயகன், நம்பியார் வில்லன். அடுத்த இருபது வருடத்துக்கு இந்த இருவரின் கத்திகளும் ஓயவே இல்லை. திரையில் தலையைப் பின்னுக்குச் சாய்த்துச் சிரித்தே ராஜ்யங்களை நடுங்க வைத்த பி.எஸ்.வீரப்பாவும் நம்ம காங்கேயத்துக்காரர். ஸோரோ பாணியில் வந்த ‘நீலமலைத் திருடன்’ (1957) எடுத்தவர் கோவை ராமநாதபுரத்து சாண்டோ சின்னப்பா தேவர். அதில் நாயகன் ரஞ்சன். ‘சந்திரலேகா’வின் கடைசியில் அவ்வளவு நேரம் கத்திச்சண்டை போட்டாரே, அவர்தான்.

அப்புச்சியிடம் இந்த வருடக் கணக்கெல்லாம் கிடையாது. அவருக்குத் தெரிந்தது மரக் கணக்கு. வீரன் தாவி ஏறி நின்று சண்டை போடுகிற மேசைக்குத் தேக்கில் கால் வைக்க வேண்டும். வில்லன் விழுந்து நொறுக்குகிற மேசைக்குக் கல்யாண முருங்கை போதும், அதையும் அடியில் பாதி அறுத்து வைக்க வேண்டும். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கணும். மாறிப் போய்விட்டால் வீரன் விழுவான், வில்லன் நிற்பான், கதையே கவிழ்ந்துவிடும். கோட்டைச் சுவர் என்று நாங்கள் வாயைப் பிளந்து பார்த்தது மரச்சட்டத்தில் சாக்கை இழுத்து அடித்து, மேலே பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பூசியது. பாரிஸிலிருந்து அந்த நாளில் எங்கள் ஊருக்கு நேராக வந்து சேர்ந்தது அந்தப் பிளாஸ்டர் ஒன்றுதான். கத்திகளிலும் சாதி உண்டு. முன்னால் மோதுகிற இரண்டு பேர் கையில் உலோகக் கத்தி. பின்னால் கூட்டமாக நிற்கிற சிப்பாய்களுக்கு மரக்கத்தி, வெள்ளிப் பெயின்ட் அடித்தது. கணீர் கணீர் என்ற சத்தமெல்லாம் பிறகு சேர்ப்பது.

ஒரு நாள் திண்ணையில் உட்கார்ந்து எனக்கு ஒரு கத்தி செய்து கொடுத்தார். எங்கள் சண்டைக்கு வழக்கமாகச் சோளத்தட்டுதான். ஓங்கி ஒரு வீச்சு வீசினால் முறிந்துவிடும். பருத்திமாறு முறியாது, ஆனால் பட்ட இடம் தடித்துவிடும். அப்புச்சி ஒரு பனைமட்டையை எடுத்து, இரண்டு பக்கக் கருக்கையும் உளியால் சீவி, இழைப்புளி போட்டு, பிடியில் பழைய மில் கயிற்றை நெருக்கமாகச் சுற்றிக் கொடுத்தார். நான் அதைத் தூக்கி ஒரு போஸ் கொடுத்தேன். “வெண்டைக்கா அரியறாப்பல புடிக்காத கண்ணு” என்று விரல்களைப் பிரித்து, கட்டை விரலைப் பிடியின் முதுகில் வைத்தார். அப்புறம் அவரும் ஒரு முழக்கோலை எடுத்துக்கொண்டு எதிரே நின்றார். மேலே, கீழே, இடம், வலம், ஒரு சுற்று, ஒரு எட்டுப் பின்னால். வாயால் எண்ணிக்கொண்டே மெதுவாகச் செய்தோம். கொஞ்ச நேரத்தில் வேகம் கூடியது, ஒரு அடியும் என் மேல் படவில்லை.

“படத்துல எவனும் எவனையும் வெட்டறது கெடையாது கண்ணு. அவன் கத்தி எங்க வரும்னு இவனுக்குத் தெரியும், இவன் எப்பக் குனிவான்னு அவனுக்குத் தெரியும். சண்டைன்னுதான் பேரு. ரெண்டு பேரும் ஒட்டுக்கா இருந்தாத்தான் அது நடக்கும்” என்றார்.

ஆனால் எங்கள் மைதானத்தில் ஒட்டுக்கா இருப்பதற்கு வழியே இல்லை. எங்களில் நாலு பேர் ஒரே வயது, ஒரே பள்ளிக்கூடம். நாலு பேருக்கும் எம்.ஜி.ஆராக வேண்டும். ஒருத்தன் சிவாஜி ஆள், அவனும் சண்டை என்று வந்தால் “இன்னிக்கு மட்டும் நான் எம்.ஜி.ஆர்.” என்பான். நம்பியாராக யாரும் வர மாட்டார்கள். சீட்டுக் குலுக்கிப் போட்டால் தோற்றவன் கத்தியைக் கீழே எறிந்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவான். கடைசியில் நம்பியார் இல்லாமலேயே விளையாட ஆரம்பித்தோம். நாலு எம்.ஜி.ஆர்கள் ஒருவரை ஒருவர் வெட்டிக்கொண்டார்கள். யாருமே சாகவில்லை, ஏனென்றால் எம்.ஜி.ஆர். படத்தில் எம்.ஜி.ஆர். சாகக் கூடாது.

‘உத்தம புத்திரன்’ பெயருக்கே ஒரு வாள் சண்டை நடந்தது என்பது நான் பெரியவனான பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. ஐம்பதுகளின் நடுவில் வீனஸ் பிக்சர்ஸ் அந்தப் பெயரில் சிவாஜியை வைத்துப் படம் என்று விளம்பரம் கொடுத்தது, எம்.ஜி.ஆரும் அதே பெயரில் விளம்பரம் கொடுத்திருந்தார். கலைவாணர் என்.எஸ்.கே. நடுவில் நின்று பேசித் தீர்த்தார் என்பார்கள். எம்.ஜி.ஆர். விலகிக்கொண்டார். 1958 பிப்ரவரியில் சிவாஜியின் ‘உத்தம புத்திரன்’ வந்தது. டி.பிரகாஷ்ராவ் இயக்கம், திரைக்கதை வசனம் ஸ்ரீதர், ஒளிப்பதிவு ஏ.வின்சென்ட். விலகிய எம்.ஜி.ஆர். சும்மா இருக்கவில்லை. அந்தோணி ஹோப்பின் ‘பிரிசனர் ஆஃப் செண்டா’வில் இருந்த ஒரே முகஜாடைக் கதையை எடுத்துக்கொண்டு, தானே தயாரித்து, தானே இயக்கி, தானே இரண்டு வேஷமும் போட்டு, அதே வருடம் ஆகஸ்டில் ‘நாடோடி மன்னன்’ கொண்டுவந்தார். ஒரே வருடத்தில் இரண்டு பெரிய நடிகர்கள், இரண்டு இரட்டை வேஷங்கள், நாலு கத்திகள். கொட்டகையில் இவை மறுபடி மறுபடி வந்துகொண்டே இருந்ததால், நாங்கள் பிறப்பதற்கு முந்தைய அந்தப் போட்டியை எங்கள் காலத்துப் போட்டியாகவே நடத்தினோம்.

டூமாவின் மஸ்கட்டியர்களை நேரில் பார்த்தது கல்லூரிக் காலத்தில். ரிச்சர்ட் லெஸ்டர் 1973இல் எடுத்த ‘தி த்ரீ மஸ்கட்டியர்ஸ்’. எங்கள் ஊருக்கு அது கீறல் விழுந்த பழைய பிரதியாக வந்தது. டவுன் பஸ் பிடித்து நாலு பேரும் போனோம். ராக்கெல் வெல்ச் படம் போட்ட போஸ்டரை நம்பிப் போனோம் என்பதை மறைப்பதற்கில்லை. உள்ளே போனால் வேறு விஷயம் நடந்தது.

முதலில் அந்தச் சண்டைகள். எங்களுக்குத் தெரிந்த கத்திச்சண்டையில் சட்டை கசங்காது. வீரன் சிரித்துக்கொண்டே போடுவான், இடது கை இடுப்பில் இருக்கும். இந்தப் படத்தில் மஸ்கட்டியர்கள் மூச்சு வாங்கினார்கள், வழுக்கி விழுந்தார்கள், துணி துவைக்கிற இடத்தில் ஈரத் துணியை எடுத்து அடித்தார்கள், காலால் உதைத்தார்கள், அங்கியைச் சுருட்டி எதிராளியின் கத்தியை மடக்கினார்கள். ஆலிவர் ரீட் சண்டை போட்ட விதம் எங்கள் தெருவில் தண்ணிக் குழாய்ச் சண்டையை எனக்கு ஞாபகப்படுத்தியது. பக்கத்தில் இருந்த சிநேகிதன், “இவனுக நெசமாலுமே வெட்டிக்குவானுகடா” என்றான்.

இரண்டாவது விஷயம் வெளியே வந்து டீக்கடையில் நிற்கும்போது உறைத்தது. “யாருடா ஹீரோ?” என்று ஒருத்தன் கேட்டான். நாலு பேரும் நாலு பெயர் சொன்னோம். எனக்கு ஆத்தோஸ், பேசாமல் குடித்துக்கொண்டு, உள்ளே எதையோ புதைத்து வைத்திருக்கிறவன். பருமனாக இருந்தவனுக்குப் போர்த்தோஸ். கடவுள் பக்தியும் காதல் கடிதமும் ஒரே பையில் வைத்திருந்தவனுக்கு அராமிஸ். ஊருக்குப் புதிதாக வந்து எல்லோரிடமும் வம்பு இழுக்கிற டார்ட்டன்யான் எங்கள் முன்னாள் சிவாஜி ஆளுக்கு அச்சாகப் பொருந்தினான். அன்றைக்கு யாரும் கத்தியைக் கீழே எறிந்துவிட்டு வீட்டுக்குப் போகவில்லை. சின்ன வயதில் சீட்டுப் போட்டும் தீராத சண்டை ஒரு படத்தில் தீர்ந்துபோயிற்று. நாலு பேருக்கும் ஆளுக்கு ஒரு பாத்திரம், எல்லாம் சரிசமம்.

அப்புறம்தான் கல்லூரி நூலகத்தில் டூமாவைத் தேடிப் படித்தேன். 1844இல் பாரிஸ் பத்திரிகையில் தொடர்கதையாக வந்தது ‘மூன்று மஸ்கட்டியர்கள்’. அதன் தொடர்ச்சி ‘இருபது வருடத்துக்குப் பிறகு’. அதற்கும் தொடர்ச்சியாக வந்த பெரிய நாவலின் கடைசிப் பகுதிதான் இரும்பு முகமூடி. நான் மணலில் உட்கார்ந்து பார்த்த சிவாஜி கதை, இந்த நாலு சிநேகிதர்களின் முதுமைக் கதையில் ஒரு துண்டு! மூலத்தில் முகமூடிக்காரனை வெளியே கொண்டுவருவதே அராமிஸ் போடுகிற திட்டம். ராஜாவின் பக்கம் நின்று சிநேகிதனை எதிர்க்கிற கடமை டார்ட்டன்யானுக்கு வருகிறது. சிநேகிதர்கள் பிரிந்து நிற்கிறார்கள். அதுதான் அந்த நாவலின் வலி. சரித்திரத்தில் அப்படி ஒரு கைதி இருந்ததும் உண்மை. 1703இல் பஸ்டீல் சிறையில் இறந்தான். அவன் போட்டிருந்தது கறுப்பு வெல்வெட் முகமூடி என்று சிறைக் குறிப்பு சொல்கிறது. அதை இரும்பாக்கிப் பரப்பியவர் வால்டேர். இரும்பில்லாமல் போயிருந்தால் சேலத்திலும் மதராஸிலும் அந்தக் கதையை யாரும் தொட்டிருப்பார்களா என்பது சந்தேகமே.

ஒரு விஷயம் அப்போது உறுத்தியது, இன்றுவரை உறுத்துகிறது. டூமாவிடமிருந்து தமிழ் சினிமா எடுத்துக்கொண்டது இரட்டையர்களை. முகமூடியை எடுத்துக்கொண்டது, கத்தியை எடுத்துக்கொண்டது. சிங்காநல்லூரில் எடுத்த ‘வேலைக்காரி’யில் பணக்கார வேஷம் போட்டு வந்து ஆனந்தன் பழி வாங்கும்போது ‘மான்டி கிறிஸ்டோ’ வாசனைகூட அடிக்கும். எடுக்காமல் விட்டது அந்த நாலு சிநேகிதர்களை மட்டும்தான். ‘உத்தம புத்திரன்’ இரண்டிலுமே மஸ்கட்டியர்கள் இல்லை.

காரணம் இரண்டு என்று எனக்குத் தோன்றும். மஸ்கட்டியர்கள் ராஜாவின் சம்பளக்காரர்கள். ராஜாவையும் ராணியின் மானத்தையும் காப்பாற்றுவது அவர்கள் வேலை. 1940களின் கடைசியிலும் ஐம்பதுகளிலும் இங்கே கத்தி தூக்கியவனுக்கு அந்த வேலை கொடுக்க முடியாது. வசனம் எழுதியவர்கள் கழகத்துக்காரர்கள். கொட்டகையில் உட்கார்ந்திருந்தவர்கள் மில் தொழிலாளிகள். அவர்களுக்கு வேண்டியிருந்தவன் அரண்மனைக்குக் காவல் நிற்கிறவன் அல்ல, அரண்மனைக் கதவை உடைத்து உள்ளே வருகிறவன். ‘மர்மயோகி’யின் கரிகாலன் காட்டிலிருந்து வருகிறான். ‘நாடோடி மன்னன்’ நாடோடியாக இருந்து சிம்மாசனம் ஏறி, சட்டம் போடுகிறான். அரசனைக் காப்பாற்றுகிற பிரெஞ்சுக் கதை, அரசனை மாற்றுகிற தமிழ்க் கதையானது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. கதை ஊர் மாறினால் அந்த ஊர்ச் சோலியைத்தான் பார்க்கும்.

இரண்டாவது காரணம் நட்சத்திரக் கணக்கு. ஒரு நடிகருக்கு இரட்டை வேஷம் கொடுத்தால் அவர் இரண்டு மடங்காகிறார். அவரோடு மூன்று பேரைச் சமமாக நிறுத்தினால் கால் பங்காகிறார். எந்த ரசிகனும் கால் எம்.ஜி.ஆரைப் பார்க்கக் காசு கொடுக்க மாட்டான். நாங்களே கொடுத்திருக்க மாட்டோம். மைதானத்தில் நாலு எம்.ஜி.ஆர்கள் வெட்டிக்கொண்டதற்கும் திரையில் மஸ்கட்டியர்கள் வராமல் போனதற்கும் காரணம் ஒன்றுதான்.

ஆனால் அந்த நாலு பேர் கதை இங்கே நடந்தது. திரைக்கு இந்தப் பக்கம், சிங்காநல்லூரில்.

1947. எம்.ஜி.ஆர். சினிமாவுக்கு வந்து பதினொரு வருடம் ஓடிவிட்டது. எல்லாம் துண்டு துக்கடா வேஷங்கள். ‘ராஜகுமாரி’க்குக் கதை எழுதி முதன்முதலாக இயக்க வந்தவர் ஏ.எஸ்.ஏ.சாமி. முதலாளிகள் மனதில் இருந்த நாயகன் பி.யு.சின்னப்பா, சாமி எம்.ஜி.ஆர். போதும் என்று நின்றார். வசனத்துக்கு உதவ வந்தார் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த திருவாரூர்க் கருணாநிதி. சிங்காநல்லூரிலேயே வாடகை வீட்டில் குடியிருந்தார். ஒரு சண்டைக் காட்சியில் தன்னோடு மோத சின்னப்பா தேவரைத்தான் போட வேண்டும் என்று எம்.ஜி.ஆர். பிடிவாதம் பிடித்தார். தனக்கே இடம் நிச்சயமில்லாத ஒரு நாயகன், இன்னொரு ஏழை நடிகனுக்காக அடம் பிடித்ததை அப்புச்சி வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் அந்த நாலு பேரிடமும் பேசிப் பழகியவர் என்று சொல்ல மாட்டேன். தூரத்தில் நின்று முட்டுக் கொடுத்தவர். “எல்லாம் ஒரே டீயை ஆத்திக் குடிச்ச ஆளுக” என்பார், அவ்வளவுதான்.

டூமாவின் இரண்டாம் நாவலில் இருபது வருடம் கழித்து அந்த நாலு சிநேகிதர்களும் இரண்டு எதிர்க்கட்சிகளில் நிற்பார்கள். இங்கே இருபத்தைந்து வருடம் ஆயிற்று. 1972 அக்டோபரில், கருணாநிதி தலைவராக இருந்த தி.மு.க.விலிருந்து எம்.ஜி.ஆர். நீக்கப்பட்டார், அதே மாதம் 17ஆம் தேதி அண்ணா தி.மு.க. பிறந்தது. அந்த வாரம் எங்கள் லைனில் யாரும் சரியாகத் தூங்கவில்லை. முழு நைட்டு முடிந்து வந்தவர்கள் படுக்காமல் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பேப்பரைப் பங்கு போட்டுப் படித்தார்கள். அப்பாவும், பக்கத்து வீட்டு மாமாவும் ஒரே செக்‌ஷனில் வேலை செய்தவர்கள். ஒரே சைக்கிளில் மில்லுக்குப் போய் வருகிறவர்கள். மாமா எம்.ஜி.ஆரோடு போனார், அப்பா கலைஞர் கருணாநிதியோடு நின்றார். சைக்கிள் அப்பாவுடையது. மாமா அன்றிலிருந்து நடந்தே போனார். பொங்கலுக்கு அத்தை அனுப்பிய பலகாரம் மட்டும் சுவரைத் தாண்டி வந்தது. அதற்குக் கட்சி இல்லை.

அப்புச்சி எந்தப் பக்கமும் போகவில்லை. பேப்பரில் இரண்டு தலைவர்களும் ஒருவரை ஒருவர் தாக்கிப் பேசியதை நான் உரக்கப் படித்துக் காட்டினால், “இவன் கத்தி எங்க வரும்னு அவனுக்குத் தெரியும்ல. அதான் இத்தன வருசம் நிக்கறானுக” என்பார். அதற்குப் பிறகும் பதினைந்து வருடம், 1987 டிசம்பரில் எம்.ஜி.ஆர். மறையும் வரை, தமிழ்நாடு அந்தச் சண்டையைப் பார்த்துக்கொண்டே இருந்தது. வேறு எந்தச் சண்டையும் இத்தனை நாள் ஹவுஸ்ஃபுல்லாக ஓடியதில்லை.

மஸ்கட்டியர்கள் உலகத்தில் ஓயவில்லை. டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸ் பேசாப் படத்தில் 1921இல் தாவியதிலிருந்து, ஜீன் கெல்லி 1948இல் நடனக்காரன் காலோடு சண்டை போட்டு, 2011இல் ஆகாயக் கப்பல் வரைக்கும் போய்விட்டார்கள். அந்த ஆகாயக் கப்பலைப் பார்த்தபோது அப்புச்சி இல்லையே என்று நினைத்தேன். முட்டுக் கொடுக்க இடமே இல்லை என்று திட்டியிருப்பார். 2023இல் பிரெஞ்சுக்காரர்களே தங்கள் கதையைத் திரும்ப வாங்கிக்கொண்டு இரண்டு பாகமாக எடுத்தார்கள். சேறும் வியர்வையுமாக, லெஸ்டர் வழியில். இங்கேயும் இரட்டையர்கள் ஓயவில்லை. 2006இல் சிம்புதேவன் ‘இம்சை அரசன் 23ஆம் புலிகேசி’யில் ‘உத்தம புத்திரன்’ கதையைக் கவிழ்த்துப் போட்டு வடிவேலுவை இரண்டாக்கினார். கொட்டகைக்குள் அவ்வளவு சிரிப்பு. டூமாவின் கதை பாரிஸிலிருந்து சேலம் வழியாக வடிவேலு மீசைக்கு வந்து சேர்ந்ததை நினைத்து நான் கூடக் கொஞ்சம் சிரித்தேன்.

அந்த சிங்காநல்லூர் நட்பையும் ஒரு படம் தொட்டது. மணிரத்னத்தின் ‘இருவர்’ (1997). கற்பனைக் கதை என்றுதான் எடுத்தார்கள்; யாரைப் பற்றி என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். நல்ல படம். ஆனால் அங்கும் பாருங்கள், நாலு பேர் இரண்டாகிவிட்டார்கள். தேவர் இல்லை, சாமி இல்லை. நட்பைப் படமாக்கும்போதுகூட நமக்கு இரட்டை வேஷக் கணக்குதான் வருகிறது: ஒருவர் இந்தப் பக்கம், ஒருவர் அந்தப் பக்கம், நடுவில் கண்ணாடி.

எங்கள் நாலு பேரில் இரண்டு பேர் இன்னும் பீளமேட்டில்தான் இருக்கிறோம். ஒருவன் திருப்பூரில் பனியன் கம்பெனி, ஒருவன் மகனோடு வெளிநாட்டில். நாலு பேரின் அரசியலும் நாலு திசை. சென்ற பொங்கலுக்கு எல்லோரும் வந்திருந்தபோது பழைய கேள்வியை மறுபடி போட்டேன்: ஸ்டுடியோக் கதையை ஒழுங்காக எடுத்தால் யார் யாருக்கு என்ன வேஷம்? பருமன் இறங்காத போர்த்தோஸ் தேவர் வேஷம் தனக்குத்தான் என்றான். மற்ற மூன்றும் முடிவாவதற்குள் பேச்சு தேர்தலுக்குப் போய், குரல் உயர்ந்து, அவரவர் வீட்டுக்காரம்மா வந்து சமாதானம் பண்ணும்படி ஆயிற்று. யார் எந்த வார்த்தையில் சீறுவான், எந்த இடத்தில் விட்டுக்கொடுப்பான் என்று நாலு பேருக்கும் தெரியும். அதனால்தான் அடி யார் மேலும் படவில்லை. எனக்கு எந்த வேஷம் என்று கேட்டார்கள். எனக்கு நடிப்பெல்லாம் வேண்டாம், செட்டுக்கு மரவேலை பார்க்கிற ஆசாரி ஒருத்தரையும் கதையில் சேருங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.